பதினாறாம் வாரம்

பதினோராவது வாரம் வரைக்கும் ஓடித் திரிந்தன.
வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டால் போதும்,
ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து
முந்நூறு வெள்ளை நெஞ்சுகள்
இடித்துக்கொண்டு வரும்.
இப்போது வாளிதான் அவற்றிடம் போகிறது.

செல்லம்பட்டி ரோட்டில் கால்வாய்ப் பாலம் தாண்டினால்
தகரக் கூரை தெரியும்.
பக்கத்தில் போகும் முன்பே சத்தம் வரும்,
நாற்றமும்தான், பொய் சொல்ல மாட்டேன்.

நெல் மூட்டை ஏற்றிய டி.வி.எஸ். எக்ஸெல்லை
ஈர மண்ணில் நிறுத்தினால்
ஸ்டாண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குமே,
அப்படித்தான் முதல் சேவலின் கால்
முட்டியில் வெளிப்பக்கம் சாய்ந்தது.
அடுத்த நாள் இன்னும் நான்கு.
மகளின் ரோஸ் நகப்பாலீஷை எடுத்து
நொண்டுகிறவற்றின் நகத்தில் ஒரு சொட்டு வைத்தேன்,
எண்ணிக்கைக்காக.
வெள்ளிக்கிழமை பாட்டில் தீர்ந்தது.
எண்ணுவதையும் விட்டேன்.

டாக்டர் நூர்ஜகான் உமி மேல் குத்தவைத்து
ஒரு காலை நீட்டிக் கட்டைவிரலால் அழுத்தினார்.
"சதை பஸ்ஸுல போயிருச்சு ஒச்சம்மா,
எலும்பு இன்னும் நடந்து வந்துக்கிட்டு இருக்கு."
மேலே பார்த்தார். பல்பு.
"எத்தனை மணி நேரம் எரியுது?"
விடிய விடிய, என்றேன்.
வெளிச்சம் இருந்தால் தின்னும். தின்றால் ஏறும்.
"ராத்திரி எட்டு மணி நேரம் அணைச்சுடுங்க.
உமியை மாத்துங்க, ஈரமா இருக்கு."
எடை குறையாதா?
"குறையும்."
சமாதானம் எதுவும் சொல்லாமல்
தீவனப் பில்லின் பின்பக்கம்
கால்சியத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

டிசம்பர் இருபதுக்குப் பிரிட்டோ வருவான்.
பதினான்கு கிலோவுக்கு ஒரு ரேட்,
பன்னிரண்டுக்குக் கீழே வேறு ரேட்.
என் சங்கிலி கூட்டுறவு வங்கியில்
எந்த ரேட்டும் தெரியாமல் தூங்குகிறது.

அன்று இரவு ஸ்விட்சை அணைத்தேன்.
மறுபடி போட்டேன்.
மறுபடி அணைத்தேன்.
இருட்டில் ஒவ்வொன்றாக உட்காரும் சத்தம்,
உமி நெரியும் சத்தம்.
கொசுக்கடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.
இவ்வளவு கனமா வளர்த்திருக்கிறேன்?

எழவே முடியாத ஒன்றுக்கு
யூரியா சாக்கில் இரண்டு ஓட்டை போட்டுக்
கால்களை வெளியே விட்டேன்.
சைக்கிள் ட்யூபில் கட்டிச் சட்டத்தில் தொங்கவிட்டேன்,
நகம் தரையைத் தொடுகிற உயரத்தில்.
நீலத் தலை சிவந்து, களகளவென்றது.
நன்றியாக இருக்காது.
தண்ணீர் எட்டவில்லை என்றிருக்கும்.

பிரிட்டோ வந்தான், தொங்கு தராசோடு.
"காலுக்கு என்னக்கா இவ்வளவு கவலை?
கடையில வெட்டித்தானே எறியப்போறோம்."
அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும்.
ஆனால் அவன் ஆள்
ஒரு சேவலின் இரு காலையும் சேர்த்துக் கட்டித்
தலைகீழாகக் கொக்கியில் மாட்டினான்.
பதினாறு வாரம் அந்தக் கால்கள் தாங்கியதையெல்லாம்
இன்னொரு முறை தாங்கச் சொல்லி.

இறக்கு, என்றேன்.
சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும்.
வேனிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தான்.
"சாக்குல வச்சு நிறு. சாக்கு எடையைக் கழிச்சுக்க."
"முந்நூறுக்குமா? பொழுது போயிரும்க்கா."
போகட்டும்.

போனது. சாயங்காலம் ஆறரை வரைக்கும்
சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
மறுநாள் எனக்கே இடுப்பு நிமிரவில்லை.
சராசரி பன்னிரண்டு கிலோ நூறு.
சங்கிலி இந்த வருஷமும் வங்கியில்தான்.

ட்யூபில் தொங்கியதை அவன் எடுக்கவில்லை,
நெஞ்சில் கொப்புளமாம்.
நேற்று இறக்கி விட்டேன்.
மூன்று எட்டு வைத்தது.
நான்காவதில் உட்கார்ந்துவிட்டது.
தண்ணிச் சட்டியை
அது உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் எட்டு தள்ளி வைத்துவிட்டு
உமி அள்ளப் போனேன்.