ஆனி மாதச் செக்ரோல்

கோத்தகிரி ஆபீஸின் பின்கட்டு.
ஹீட்டரில் ஒரு கம்பிதான் சிவக்கிறது.
பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் கூலிக்கு
இறந்தவர்களைத் தட்டச்சு செய்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, ஐப்பசி.
தவிட்டுமேடு எஸ்டேட்.
காரணம் என்ற பத்தியில் காய்ச்சல்;
கீழே மேற்படி, மேற்படி, மேற்படி.

பங்களாவில் பதினொரு பேர் படுத்து ஒருவர் போனார்.
லயங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டில் ஐம்பத்தெட்டு.
மானேஜர் ஓரத்தில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்,
இவர்கள் உடல்வாகு அப்படி என்று.
நல்ல மசி. இன்னும் மங்கவில்லை.

நான் லயத்தில் பிறந்தவள்.
பத்தடிக்குப் பத்தடி, ஜன்னல் கிடையாது,
ஒருவர் இருமினால் எட்டுப் பேர் புரண்டு படுப்போம்.
மழை பொய்த்த அந்த வருஷம்
அரிசி பாதிப் படியாய் இறங்கியது வேறு.
ஏழாம் கதவு: செங்கோடன், ஆராயி, பெயரிடாத பிள்ளை.
மூன்றுக்கும் ஒரே தேதி.
எல்லாரும் ஒன்றாய் விழுந்த வீட்டில்
தண்ணீர் மொண்டு தர ஒரு கை இல்லாமல் போனதை
எந்தப் பத்தியில் ஏற்றுவது?

நேற்று வேறொரு கட்டை அவிழ்த்தேன்.
செக்ரோல். அதே வருஷம், ஆனி.
நாலாம் லயத்தில் இருபத்தாறு பேருக்குச் சம்பளம் பிடித்தம்:
சளி என்று சாக்குச் சொல்லிப் படுத்தவர்கள்.
சும்மாதான் ஒத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.
டீ ஆறிவிட்டது.
இருபத்தாறு பேரில் ஐப்பசியில் போனது
பேச்சாயி ஒருத்தி மட்டும்.

ஆனியில் லேசாய் வந்ததை நெஞ்சு மறக்கவில்லை போல.
பெரிசாய்த் திரும்பி வந்தபோது
நாலணா அபராதம் கட்டியவர்கள் எழுந்து
பக்கத்துக் கதவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருக்கலாம்.
உடல்வாகு அதேதான்.

ஒரு வரி பாக்கி.
சரிவுக்குக் கீழே காட்டோரம் குறும்பர் குடி.
பெயர் இருக்கிறது, எண் இல்லை.
அடுத்த வருஷப் பதிவேட்டில் பெயரும் இல்லை.
அதுவரை எந்தச் சந்தைக் காய்ச்சலும் எட்டாத பாதை;
தேன் விற்க வந்த ஒருவன்
திரும்பிப் போயிருப்பான்.
அல்லது முள் வெட்டிப் பாதையை அடைத்துவிட்டு
எல்லாரும் வேறு சரிவுக்கு நடந்திருப்பார்கள்.
தெரியாது.

கணினி காலிக் கட்டத்தை ஏற்காது.
சிவப்புக் கோடு போட்டு எண் கேட்கிறது.
"சைபர் போட்டுட்டு மேல போம்மா" என்கிறார் போஜன் சார்,
பையை மாட்டிக்கொண்டே.

மணி ஐந்தேகால்.
கடைசி பஸ் ஐந்தரைக்கு.
விரல் சைபர் மேல் இருக்கிறது,
அழுத்தவில்லை.