தடத்தின் நீளம்

படிவத்தில் பதினோராவது கட்டம்:
பிரேக் தடத்தின் நீளம், மீட்டரில்.

பத்தொன்பது வருஷமாக நிரப்பிவருகிறேன்.
ஆல்பேட்டையில் பதினேழரை.
பெரியகாட்டுப்பாளையத்தில் முப்பத்தொன்று,
அதில் கடைசி இரண்டு மீட்டர்
செருப்புகளுக்கு நடுவே.
ரெட்டிச்சாவடியில் ஒரு பஸ்
கரியால் இழுத்துவிட்டுப் போனதற்கு
என் டேப் போதவில்லை.

உருளாமல் நின்றுபோன சக்கரம்
தன் தோலைத் தேய்த்து எழுதும் வாக்குமூலம் அது.
எந்தப் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்திருந்தாலும்
வண்டி நேராகத்தான் போயிருக்கும்
என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும்.

பச்சையாங்குப்பம் வளைவில் இன்று
ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஐஸ் லாரிகள் ஒழுகவிட்ட மீன்தண்ணீர்
காலை வெயிலில் பிசுபிசுக்கிறது.
துறைமுகத்தில் சங்கராவும் மத்தியும் ஏற்றிய
மின்சார மினி வேன்
கருவேலம்புதரில் மூக்கை நுழைத்து நிற்கிறது.
கலியமூர்த்தி ஆஸ்பத்திரியில்,
காறை எலும்பு முறிந்து.
அவர் சைக்கிளில் கட்டியிருந்த முறுக்கு டின்
மூடிகூடத் திறக்காமல் சாலையோரம்.

"கோடே இல்ல மேடம்" என்கிறார் ஏட்டு பாடலீஸ்வரன்.
"பொம்பள பிரேக்கே அடிக்கல. எழுதிக்குங்க."
சொன்ன பிறகு என்னைப் பார்த்து
தொப்பியைச் சரிசெய்கிறார்.

அஞ்சலாட்சி, செதில் காய்ந்த கைகளோடு.
லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம்.
என்ன செய்தாய் என்று கேட்கவில்லை.
காலுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டேன்.

"முழுசா மிதிச்சேன் மேடம்.
மிதிச்சதும் பாதத்துக்கு அடியில
ஒரு நண்டு.
உசுரோட. கிறுகிறுன்னு பிறாண்டுச்சு.
வண்டிதான் உடையுதுன்னு நெனச்சேன்.
ஆனா காலை எடுக்கல.
ஒடிச்சேன். ஒடிஞ்சுது."

ஒடிஞ்சுது. அந்த ஒரு சொல் போதும் எனக்கு.

சக்கரத்தோடு ஒரு பல்வளையம் சுற்றுகிறது.
ஒரு கண் அதன் பற்களை எண்ணிக்கொண்டே இருக்கிறது.
எண்ணிக்கை சட்டென்று விழுந்தால்
பிடி, விடு, பிடி, விடு,
நொடிக்குள் பத்துப் பதினைந்து தடவை.
அந்த நேரம் பார்த்து மோட்டார் வேறு
இழுக்கிற வேலையை விட்டுவிட்டு
ஓடிய ஓட்டத்தையே மின்சாரமாக்கிக்
குடிக்கப் பார்க்கும்.
வழுக்குகிற தரையில் அதுவும் சக்கரத்தைக் கட்டிப்போடும்
என்பதால் அதன் வாயையும் பொத்தவேண்டும்.
இத்தனையும் ஒருத்தி
ஐயோ என்று சொல்லி முடிப்பதற்குள்.

இதையெல்லாம் ஏட்டிடம் விளக்கவில்லை.
வேனைப் பின்னுக்கு எடுத்து, மீன்பெட்டிகளோடே,
அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து,
அதே தண்ணீரில் முப்பதில் வந்து மிதித்தேன்.
நண்டு வந்தது.
இரண்டாவது தடவை அவரே ஓட்டி மிதித்தார்.
இறங்கியதும்
பூட்ஸைத் தூக்கி அடியில் பார்த்தார்.

பதினோராவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.
குறிப்புக்கு விட்ட இடம் சின்னது;
ஓரத்தில் ஏறி எழுதினேன்:
பிரேக் முழுமையாக அடிக்கப்பட்டுள்ளது.
நண்டை எழுதவில்லை.
காறை எலும்புக்கு
என் படிவத்தில் கட்டமே கிடையாது.

சாயங்காலம் கெடிலம் பாலத்தில்
மணல் லாரி சிந்திப்போன மண்மேல்
ஒரு நாய் குறுக்கே வந்தது.
என் பழைய ஸ்கூட்டரில் எந்த உயிரும் இல்லை.
பிடித்தேன். வால் ஆடியது, வண்டிக்கு.
பயந்து விட்டேன். மறுபடி பிடித்தேன்.
நாய் போய்விட்டது.

இறங்கித் திரும்பிப் பார்த்தேன், தொழில் புத்தி.
ஒரு சாண் கோடு,
அப்புறம் ஒன்றுமில்லை,
அப்புறம் ஒரு சாண்.