கடைசி ரீல்

மாட்டுங்காவில் இரவுக் காட்சி. கறுப்பு வெள்ளை.
பிலிமில் ஒரு கீறல்,
நாயகி அழும்போதெல்லாம்
அவள் மூக்கைத் தாண்டி ஓடும்.

கடன் வசூலிக்க வந்தவன்
கடன்காரன் மகளிடம் குடை இரவல் கேட்கிறான்.
"வட்டி உண்டு" என்கிறாள்.
அரங்கில் பதினோரு பேர் சிரித்தோம்.
இசக்கிராஜ் மட்டும்
"எத்தனை சதவீதம்னு சொல்லலையே" என்றான்.
வங்கிக்காரனோடு படம் பார்க்கக் கூடாது.

எனக்கு இது ஏழாவது தடவை என்று
டிக்கெட் எடுக்கும்போதே பீற்றியிருந்தேன்.
"அப்ப சொல்லு, கடைசியில சேருவாங்களா?"
என் சமோசாவை மென்றபடி கேட்டான்.
"பாரேன்" என்றேன்.
எனக்குத் தெரியாது.
ஆறு தடவையும் ஐந்தாம் பாட்டில் எழுந்து
அம்பர்நாத் வண்டிக்கு ஓடியவள் நான்.

இன்றும் பாட்டு வந்தது. பையை எடுத்தேன்.
கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பினான்.
வண்டி போய் நான்கு நிமிஷம்.
"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"
"நீ சிரிச்சிட்டிருந்தே."

முடிவு ஒன்றும் பிரமாதமில்லை.
குடை திரும்பி வருகிறது,
ஒரு கம்பி உடைந்திருக்கிறது,
அதற்கொரு சண்டை.
அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

டாக்ஸிக்குப் பாதிதான் தருவேன் என்று அவனும்
முழுசும் நீதான் என்று நானும்
சயான் வரை
நடந்தே வந்துவிட்டோம்.