பொய்யடி

தட்டு மூன்று மில்லிமீட்டர் குறைவு.
ஜெலுத்தோங் பட்டறையில் கூ வெட்டிக் கொடுத்தது.
எதற்கு இத்தனை ஓட்டை என்று மலாயில் கேட்டார்.
பாவ் அவிக்க என்றேன்.
நாற்பத்து நாலு லிட்டர் பானை நிறையப் பாவ் அவித்தால்
தின்ன ஒரு பட்டாளம் வேண்டும்.
அவர் சிரிக்கவில்லை.
பத்து வெள்ளி குறைத்துக்கொண்டார்.

ரெலாவ், பதினோராம் மாடி.
லிஃப்ட் இரட்டைப்படை மாடிகளில் மட்டும் நிற்கும் வாரம்.
பானையின் அடிக்கு இரண்டு விரல் மேலே
நானே துளை போட்டுக் குழாய் பொருத்தியிருந்தேன்.
அதற்கும் மேலே, மூன்று போல்ட்டுகளைக் காலாக ஊன்றி
இந்தத் தட்டு உட்கார வேண்டும்.
பானைக்கு ஏற்கெனவே ஓர் அடி இருக்கிறது.
இது இன்னொன்று.
சக்கை மேலே நிற்க, சாறு கீழே இறங்க.
புட்டுக் குழலில் சில்லு பார்க்கிற வேலைதான்,
இங்கே தலைகீழாக.

"இதுக்குப் பேர் என்ன?"
புஷ்பவேணி, தெர்மாமீட்டரை ஊதுபத்திபோல் பிடித்துக்கொண்டு.
"பொய்யடி."
"எது பொய்?"
"இல்லடி, பேரே அதுதான். பொய், அடி."
"நெசமாவா?"
"பொய்யடி."
இதிலேயே ஐந்து நிமிடம் போயிற்று.
தண்ணீர் இரண்டு டிகிரி ஆறிவிட்டது.

ஆறு கிலோ மால்ட், அறுபத்தேழு டிகிரி, ஒரு மணி நேரம்.
காய்ச்சல் கண்ட ஆளைப்போல்
பானையைக் கம்பளியில் சுற்றி வைத்தோம்.
அப்போது பார்த்து தைப்பிங்கிலிருந்து அவள் அம்மா:
"என்ன அடுப்புல?"
"பார்லிம்மா."
பார்லிதான். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.
"ஒடம்புச் சூட்டுக்கு நல்லது. ரெண்டு கல்கண்டு போடு."
சரிம்மா என்றாள்.

குழாயைத் திறந்தேன்.
ஒரு டம்ளர் வந்தது. அப்புறம் அரை டம்ளர்.
அப்புறம் மூக்கடைத்த குழந்தை பால் குடிக்கிற சத்தம்.
அதுவும் நின்றது.

மூன்று மில்லிமீட்டர்.
விளிம்பைச் சுற்றி உமி நழுவி இறங்கி
மெய்யான அடியில் குந்திக்கொண்டு
குழாயின் வாயைப் பொத்தியிருக்கிறது.
ஹோஸில் வாய் வைத்து ஊதினேன்.
உதடு வெந்தது.
கஞ்சி பதிலுக்கு ஒரே ஒரு குமிழி விட்டது.

பாயான் லெப்பாஸில் ஷிப்டுக்கு எட்டு மணி நேரம்
தலைமயிரை விட மெல்லிய கம்பிகளை
மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தள்ளுபடி செய்கிறவள் நான்.
அங்கே மூன்று மில்லிமீட்டர் என்பது நெடுஞ்சாலை.
லாரி போகும்.

எல்லாவற்றையும் வாளிகளில் கவிழ்த்தோம்,
துணி ஊறவைக்கும் வாளி தவிர.
குறட்டால் தட்டைத் தூக்கினேன்.
புஷ்பவேணி ஒன்றும் பேசாமல்
குக்கர் மூடியிலிருந்து ரப்பர் வளையத்தை உருவினாள்.
டிராயரிலிருந்து, பிரிக்காத உபரி வளையத்தையும்.
இரண்டையும் வெட்டி, கொதிநீரில் போட்டு,
முனைக்கு முனை சேர்த்துச் சுற்றினோம்.
வளையத்தின் பள்ளத்தில் தட்டின் ஓரம்
நகக்கண்ணில் நகம்போல் நுழைந்தது.
இரண்டு பேரும் முழங்கையால் அழுத்த,
முனகிக்கொண்டே இறங்கி உட்கார்ந்தது.

பிறகு மறுபடியும் அத்தனையும் மேலே:
ஊறிக் கனத்த மால்ட், பதினெட்டு லிட்டர் வெந்நீர்.
அவ்வளவு பாரத்தையும் பொய்தான் தாங்கியது.
மெய்யடி கீழே சும்மா ஈரமாக இருந்தது.

முதல் ஜாடி கலங்கல். திருப்பி மேலே ஊற்றினோம்.
அடுத்ததும் கலங்கல்தான்.
நாலாவதோ ஐந்தாவதோ,
தே ஓ நிறத்தில், தெளிந்து,
சணல் நூல் கனத்துக்கு அறுபடாமல் விழுந்தது.
நாங்கள் பேசவில்லை. அதன் சத்தம் கேட்க வேண்டியிருந்தது.

கதவில் தட்டல்.
எதிர்வீட்டு ஆ வேய், ஏழு வயது, கையில் சொந்தக் கோப்பை.
"ஹார்லிக்ஸா?"
ஈஸ்ட் இன்னும் பொட்டலத்தில் தூங்குகிறது.
இந்த ஒரு மணி நேரத்துக்கு
ஆமாம் என்பது ஏறக்குறைய உண்மை.
அரைக் கோப்பை, ஆற்றிக் கொடுத்தேன்.

புஷ்பவேணி வளையமில்லாத மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.
"நாளைக்குப் பருப்பு?"
"வெந்துரும்."
அவள் அந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுத்தாள்.
அதற்குள் அடுப்பில் பொங்கி வழிய,
ஓடினோம்.