இருமுறை வழித்த சாலை

பனி வழிக்கும் வண்டியில் எனக்கிது பதினேழாவது குளிர்காலம்.
ஷெட்டிகாம்ப்பிலிருந்து மார்கரீ வரை
என் சாலைதான் வட்டாரத்திலேயே சுத்தம் என்பார்கள்.
சும்மாவா?
ஒருமுறை வழித்ததை மறுமுறையும் வழிக்கிறேனே.

தகட்டுக்கடியில் டொக்கென்று ஒரு சத்தம்.
பனிக்கட்டியாக இருக்கும்.
முறிந்த கிளையாக இருக்கும்.
இருக்கும் இருக்கும் என்று முந்நூறு மீட்டர் போவேன்.
அப்புறம் மனசுக்குள் ஒரு சிவப்புக் கையுறை கிடக்கும்,
விரல்களோடு.
வண்டியைத் திருப்பிவிடுவேன்.

வியாழன் நான்கு மணிக்கு ரொவீனா.
பல் மருத்துவரின் மாடியில் அவள் அறை.
கீழே பல் ராவும் ஓசை, ஆறு வருடமாய்.
என் மகன் என்னோடு பேசாதிருந்த இரண்டு வருடத்தை
அந்த ஓசைக்கு மேலேதான் சொல்லி முடித்தேன்.
எதைப் பேசினாலும் கடைசி ஐந்து நிமிடம் ஒன்றுதான்:
"இந்த வாரம் நான் யாரையும் ஏற்றிவிடலையே?"
"இல்லை, க்ளோவிஸ்."
அந்த இல்லையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன்.
சனிவரை தாங்கும்.
ஞாயிறு ராத்திரி நைந்துவிடும்.

ஹாலிஃபாக்ஸிலிருந்து கடிதம் வந்தது.
இந்த நோய்க்கென்றே ஒரு சிகிச்சை, எட்டு வாரம், தினமும்.
ஐந்தாவது நிபந்தனையில்
மற்ற ஆலோசனைகளை அதுவரை நிறுத்த வேண்டும் என்றிருந்தது.
தொலைபேசியில் பேசிய பெண்ணுக்கு என் மகன் வயதுதான்.
"வண்டி ஓட்டச் சொல்வோம், சத்தம் கேட்கும்,
திரும்பிப் பார்க்கக் கூடாது.
யாரும் உங்களுக்கு இல்லை என்று சொல்லமாட்டோம்."
மெதுவாகத்தான் சொன்னாள்.
எனக்குக் கை வேர்த்தது.

ஓடெட் மின்கட்டண ரசீதின் பின்புறம் கோடு கிழித்தாள்.
ஒரு பக்கம் ஹாலிஃபாக்ஸில் அறை வாடகை, சம்பளமில்லாத எட்டு வாரம்,
எனக்குப் பதிலாக வண்டியெடுக்கப்போகும் ஃபெலிக்ஸ்
(அவன் குடிப்பான்).
மறுபக்கம்: நீ தூங்குவாய்.
அதற்குக் கீழே, பொடி எழுத்தில்: நானும்.

விட்டுப்போனால் என் வியாழக்கிழமை வேறொருவருக்குப் போய்விடும்.
காத்திருப்பவர்கள் பதினோரு பேர்.
"பிடித்துவைக்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன்," என்றாள் ரொவீனா.
போகவா, வேண்டாமா என்றேன்.
பேசவில்லை. கீழே யாரோ ஒருவரின் பல்.
பிறகு சொன்னாள்:
"பதில் சொன்னால் அதையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்வாய்.
ஆறு வருடம் அந்த இல்லையைக் கொடுத்தது நான்.
இரக்கம் என்று நினைத்துக் கொடுத்தேன்."

கோபம் வந்தது எனக்கு.
தாகத்துக்குக் கடல்தண்ணீரா ஊற்றினாய் என்று
கேட்கவில்லை.
மகனைப் பற்றிப் பேசியது கடல்தண்ணீர் இல்லையே.
அதே குவளைதானே.
அதுதான் குழப்பம்.

நேற்றிரவு முப்பது சென்டிமீட்டர் பனி.
மூன்று மணிக்கு, தேவாலய வளைவு தாண்டி, டொக்.
நிறுத்தினேன்.
பக்கத்து இருக்கையில் விண்ணப்பம்.
கண்ணாடியில் நான் வழித்த சாலை மறுபடி வெள்ளையாகிக்கொண்டிருந்தது.
திரும்பினேன். ஆமாம், திரும்பத்தான் செய்தேன்.
இறால் பொறியின் உடைந்த சட்டம் ஒன்று கிடந்தது.
அதைப் பார்த்தும் நிம்மதி வரவில்லை.
வேறு இடமாக இருக்குமோ என்றது மனம்.

இஞ்சினை அணைக்காமல் கையெழுத்துப் போட்டேன்.
மை உறைந்திருந்தது, பேனாவை அக்குளில் வைத்துச் சூடேற்றி.

காலையில் உறையை ஒட்டினேன்.
கையெழுத்துப் போட்டேனா?
பிரித்தேன். இருந்தது.
ஒட்டினேன். பிரித்தேன். இருந்தது.
ஓடெட் ஒன்றும் சொல்லாமல் பிடுங்கிக்கொண்டு
தபால்பெட்டிக்கு நடந்தாள்,
நான் வழித்துவைத்த சாலையில்.
கையுறை போட மறந்திருந்தாள்.