மாதம் நான்கு வெள்ளி

செந்தூல் ரயில் பட்டறை லைன்வீடுகளில்
அவருக்கு முட்டைப்பந்து ஐயர் என்று பெயர்.
கிரீவ்ஸ் யார் நாக்கிலும் நிற்கவில்லை.
அமெரிக்காவில் காலேஜ் பையன்களுக்குப் பந்து பழக்கியவராம்.
பந்தைக் கட்டிக்கொண்டு ஒருவன் ஓடுவானாம்,
மற்றவர்கள் அவன்மேல் விழுவார்களாம்,
அதற்குப் பெயர் கால்பந்தாம்.

ஆராதனைக்கு விசில் ஊதுவார்.
முதல் ஞாயிறு பாதிப்பேர்
ஷிப்டு என்று பதறி ஓடிவந்தார்கள்.
வந்தவர்கள் கையில் பாட்டுப் புத்தகம் திணித்தார்.

அவர் பேச்சைத் தமிழில் சொல்ல
எனக்கு மாதம் நான்கு வெள்ளி.
"இன்னும் பத்து கஜம்" என்பார்.
"பொறுத்திருங்கள்" என்பேன்.
"தோளால் மோதுங்கள்" என்பார்.
"அயலானுக்குத் தோள் கொடுங்கள்" என்பேன்.
ஆமென் சரியான இடத்தில்தான் விழுந்தது.

பந்துதான் சொன்ன இடத்தில் விழாது.
"கள்ளுக்கடையிலிருந்து வருது" என்பான் பயர்மேன் சடையன்.
மழையில் தையல் விட்டபோது
பத்து ரோட்டுச் சீனச் செருப்புக்காரர்
தைத்துக் கொடுத்துவிட்டு
இது என்ன பழம் என்று கேட்டார்.

ஒரு சனிக்கிழமை, சேற்றில்,
சடையன் மகன் இருளப்பன் தலைகுப்புற விழுந்தான்.
எழுந்தான். மண்ணைத் துப்பினான்.
"இன்னொரு ஆட்டம், ஐயரே" என்றான்.
ஐயர் விசிலை வாயில் வைத்தவர்
எடுக்கவே இல்லை.
பட்டறையில் சுத்தியல்கள் நிற்கும்வரை ஊதினார்.

மறுநாள் பிரசங்கத்தில் வேதத்தைத் திறக்கவில்லை.
"லாய்ட்" என்றார்.
"பத்தொன்பது வயது.
கண் தெரியவில்லை கோச் என்றான்.
நாலு நிமிஷம்தான் பாக்கி, உள்ளே போ என்றேன்.
போனான்."
என்னைப் பார்த்தார்.

நாற்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கூரைத் தகரத்தில் மழை தொடங்கியிருந்தது.
"ஐயருக்கு ஒரு மகன் இருந்தான்" என்றேன்.

கூட்டம் முடிந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள்.
இருளப்பனின் அம்மா
அவித்த முட்டை நான்கை முந்தானையிலிருந்து எடுத்து
அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.
"இவர்களிடம் என்ன சொன்னாய்?" என்றார் என்னிடம்.
"நீங்கள் சொன்னதைத்தான்."

நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
முட்டை ஒன்றை உரித்து,
பாதியை என்னிடம் நீட்டினார்.
உப்பில்லை.
இரண்டு பேரும் தின்றோம்.