ஏழு தடவை அணைத்தோம்

காற்றாலை மூன்றும் கோடையிலேயே வந்து சேர்ந்தன,
எண்ணெய் கொண்டுவரும் அதே தட்டைக் கப்பலில்.
எண்ணெய் வருஷத்துக்கு ஒருமுறை வரும்,
பில் மாதம் தவறாது.
சதுப்பு உறையும்வரை பொறுத்திருந்து
நவம்பரில் நட்டார்கள்.
பிறகு சிறு விமானத்தில் வந்திறங்கினான்
ஹால்வர்சன் என்கிற பொறியாளன்,
நான்கு பெட்டியும் ஒரு மூட்டை காப்பித்தூளுமாக.

காற்று நின்றுவிட்டது.

பேரிங் கடலிலிருந்து ஏறி வந்து
கதவைக் கீலோடு பிடுங்கிப் பழகிய காற்று,
ஆறு நாள் ஆளையே காணோம்.
தபால் நிலையக் கொடி
கம்பத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியது.
"கூலி பேசாமல் வேலைக்குக் கூப்பிட்டால்
யார் வருவார்?" என்றாள் கடைக்கார ஒலிங்கா.

ஹால்வர்சன் பள்ளி நூலகத்தில் தரையில் படுத்தான்.
நான் எப்போதும்போல டீசல் கொட்டகையில்:
எண்ணெய் மட்டம் பார்த்து, வடிகட்டி மாற்றி,
மீட்டரைக் குறித்துக்கொண்டு.
பதினேழு வருஷமாக இரண்டாம் எண் இயந்திரம்
என் பல்லுக்குள்தான் ஓடுகிறது.

ஏழாம் இரவு, மணி இரண்டரை.
கூரைத் தகரத்தைத் தட்டியது, கடன்காரன் மாதிரி.

இணைப்பது பாதி வேலைதான்.
மீதி, வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது.
முழு வேகத்தில் சுற்றுகையில் ஆலையைத் துண்டி,
டீசல் தாங்குகிறதா பார்.
டீசலைத் துண்டி,
இருட்டு எத்தனை நொடி, எண்ணு.
ஹால்வர்சனின் தாளில் ஏழு கட்டங்கள்.

"கரண்ட் போனால் யாருக்காவது ஆபத்தா?"

ஒரு வீடு இருக்கிறது.
வாசிலி, என் அக்காள் புருஷன்.
மூக்கில் குழாய், கட்டிலடியில் ஆக்சிஜன் மிஷின்,
அவசரத்துக்கு இரண்டே சிலிண்டர்.
அக்காளைப் புதைத்த வாரத்தில் விட்டது பேச்சு,
நாலு வருஷம் ஆகிறது.
அவளுடைய பனிவண்டி யாருக்கு என்பதுதான் விஷயம்.
வண்டி ஆற்றங்கரையில் துருப்பிடிக்கிறது,
யாருக்குமில்லை.

கூப்பிட வேண்டியவள் நான்.
எங்கள் ஊரில் எதுவும் வயர்லெஸில்தான்.
ஒரே சேனல். தும்மினால் நாற்பது வீடும் கேட்கும்.

"நாஸ்தாசியா பேசுறேன். கரண்ட் போகும்.
சிலிண்டருக்கு மாறிக்கோ."
"மாறிட்டேன்."
அணைத்தோம். பதினொரு நொடி.

இரண்டாவது:
"போகுது."
"ம்."

மூன்றாவதில் கட்டுப்பாட்டுப் பெட்டி முரண்டு பிடிக்க
ஊர் முழுக்க நாலு நிமிஷம் கும்மிருட்டு.
வாசிலி பொத்தானை அழுத்தியவன் விடவில்லை.
பேசவும் இல்லை.
சிலிண்டரின் சீறல் மட்டும் வந்தது.
ஹால்வர்சன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கம்பிகளைத் துழாவினான்.
நான் அந்தச் சீறலை எண்ணிக்கொண்டிருந்தேன்.
அவன் விட்டதும் நான் அழுத்தினேன்.
சொல்ல ஒன்றும் வரவில்லை.
"யாராவது ஏதாவது பேசித் தொலைங்க,"
குறுக்கே புகுந்தாள் ஒலிங்கா.

நான்காவது:
"வெளியில என்ன அது, புசுபுசுன்னு?"
"இறக்கை."
"உங்கக்கா போர்வை உதறுற மாதிரி இருக்கு."
நான் "போகுது" என்றேன்.

ஐந்தும் ஆறும் ஒழுங்காக நடந்தன.

ஏழாவது,
காற்று ஊரைத் தனியாகத் தூக்க வேண்டும்.
இரண்டாம் எண் இயந்திரத்தை நிறுத்தினேன்.
பல்ப் கண்ணடிக்கவில்லை.
என் பல்லுக்குள் இடம் காலியானது;
நாக்கால் துழாவிப் பார்த்தேன்.
நாய்கள் குரைத்தன, ஏதோ வந்துவிட்டதென்று.
மிஞ்சிய மின்சாரம் பொதுச் சலவைக்கூடத்துக்
கொதிகலனில் போய் விழுந்தது.

"முடிஞ்சுது. மிஷினுக்கே மாறிக்கோ."
"இன்னும் அணைக்கவே இல்லையே?"
"அணைச்சாச்சு."

கொஞ்ச நேரம் வெறும் சீறல். பிறகு,
நாற்பது வீடும் கேட்க:
"அந்த வண்டிக்கு பெல்ட் மட்டும்தான் போயிருக்கு."

எங்கள் யூபிக் பேச்சில்
ஹால்வர்சனுக்குப் புரிந்தது ஒரே சொல்.
ஏழாம் கட்டத்தில் வைத்த பேனாவை எடுத்துவிட்டு,
முகம் வெளுத்துக் கேட்டான்:
"பெல்ட்டா? எந்த பெல்ட்?"